ரொறன்ரோ நேரம்

வரைபடத்தைச் சும்மா தந்தவர் பெற்றோல் ஸ்டேஷன்காரர்.
"ஒரே கோடையில் பார்த்து முடித்துவிடாதீர்கள்,
பிறகு குளிருக்கு என்ன செய்வீர்கள்" என்றார்.
நிமலன் அதைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினான்,
தண்ணீர் ஏறி இறங்கும் நேர அட்டவணைக்குப் பக்கத்தில்.

முதல் சனி, மார்கிரட்ஸ்வில் வெளிச்சவீடு.
போன இடத்தில் வெளிச்சவீட்டைக் காணோம்.
புகார் மூடி, கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால்
உலகமே இல்லை.
"இருக்குது, தொட்டுப் பார்" என்றான்.
தொட்டேன். ஈரப் பலகை. இருந்தது.
படத்தில் ஒரு சரி போட்டோம்.

அடுத்த சனி மழை.
காருக்குள் இருந்தே மீன் கட்லட் தின்றோம்.
கண்ணாடியில் ஆவி.
விரலால் அவன் துடைத்த வட்டத்துக்குள்
கொஞ்சம் கடல், ஒரு கடற்காகம்.
அது கடலைப் பார்க்கவில்லை, கட்லட்டைப் பார்த்தது.
அதற்கும் ஒரு சரி.

கேப் ஸ்பிளிட்டுக்கு அரைச் சரிதான்.
பாதி வழியில் அவன் முழங்கால் மறுத்துவிட்டது.
திரும்பும்போது வாங்கிய கடற்பாசிப் பொட்டலம்
கருவாட்டுக்கும் துருப்பிடித்த ஆணிக்கும் இடையில் ஒரு ருசி.
சரியில்லை, சரியில்லை என்றபடியே
கெண்ட்வில் வருமுன் முடித்துவிட்டோம்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால்
ஏழு வருசம் ரொறன்ரோவில்
அவனுக்குப் பாண் தொழிற்சாலையில் இரவு வேலை,
எனக்கு ஆஸ்பத்திரியில் பகல்.
பதினோராம் மாடி லிப்ட் வாசலில்
நான் இறங்கப் போவேன், அவன் ஏறி வருவான்.
"சோறு அடுப்பில."
"சாவி மேசையில."
கதவு மூடும்.
கட்டிலில் எப்போதும் ஒரு பக்கம் சூடு.

நாலாவது சனி மினாஸ் குடாவின் தென்கரை.
வற்றும்போது கடலின் தரையிலேயே நடக்கலாமாம்.
இரண்டு மணிக்குள் ஏறிவிட வேண்டும்.
அப்பிள் கடையில் நின்றோம், அவசரமில்லை,
அவன் கைக்கடிகாரத்தில் பன்னிரண்டரை.

படிக்கட்டடியில் ஒரு பெடிச்சி சங்கிலி போட்டுக்கொண்டிருந்தாள்.
"இன்றைக்கு முடிந்தது."
"இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே" என்றான் நிமலன்,
மணிக்கட்டை நீட்டி.
அவள் தன் போனை நீட்டினாள்.

வந்து மூன்று மாதம்.
அந்தக் கடிகாரம் இன்னும் ரொறன்ரோவில் இருந்தது.

காருக்குள் சண்டை பிடிக்கலாம் என்று நினைத்தேன்.
எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை,
எங்களுக்கு அதற்கு நேரமே இருந்ததில்லை.
வேலியடியில் குந்தி
இறங்க முடியாத தரையைப் பார்த்தோம்.

சிவப்புச் சேறு. பிறகு சேற்றில் ஒரு பளபளப்பு.
பிறகு பால்தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர்,
அலையில்லை, ஆரவாரமில்லை,
வீட்டுக்காரன் வேலை முடிந்து வருவதுபோல வந்தது.
மற்றவர்களின் காலடிகளை
ஒவ்வொன்றாய் நிரப்பிக்கொண்டு வந்தது.
அப்பிள் தின்றோம். கதைத்தோம்.
அவனுக்கு ஓவனின் சத்தம் இன்னும் கனவில் கேட்கிறதாம்.
எனக்குத் தெரியாது. ஏழு வருசம்.

கற்பாறையின் இடுப்புவரை தண்ணீர் ஏறியபோது
எழும்பினோம்.
நாலு மணி நேரம் இருந்திருக்கிறோம், ஒரே இடத்தில், இரண்டு பேரும்.

திரும்பும் வழியில் கடிகாரத்தின் திருகை இழுத்து
முள்ளை ஒரு முழுச்சுற்றுச் சுற்றினான்.
"ஒரு மணித்தியாலம் போச்சு."
போகட்டும். ரொறன்ரோ வைத்திருக்கட்டும்.
எங்களிடம் வாங்கியதில் அதுதானா பெரிது?

வீட்டில் சப்பாத்துடனே போய் அட்டவணைக்கு முன்னால் நின்றான்.
"வாற சனி விடிய ஆறு இருபதுக்கு வத்துது."
"அப்ப நித்திரை?"
"ஞாயிறு கொள்ளலாம்" என்றான்,
"ரெண்டு பேரும்."